வெள்ளைக் கதவுக்கு எந்தப் பெயின்ட்: ஆயிலா, வாட்டர் பேஸ்டா, பி.யு.வா?

வீட்டுக்குள் கதவு, ஜன்னல், நிலை எல்லாவற்றுக்கும் பளபளவென்று வெள்ளை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தவுடன் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். "ஆயில் பெயின்டே போடுங்க சார், அதுதான் கண்ணாடி மாதிரி நிக்கும்" என்பார் பெயின்டர். "இப்ப நிறைய பேர் வாட்டர் பேஸ்டுக்கு (தின்னருக்குப் பதில் தண்ணீர் கலக்கும் பெயின்ட்) மாறிட்டாங்க, நாத்தமும் இல்ல" என்பார் கடைக்காரர். வார்ட்ரோப் செய்ய வந்த இன்டீரியர்காரர் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "பி.யு. (பாலியூரிதேன்) ஸ்ப்ரே பண்ணிடலாம்" என்பார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் "மஞ்சளாகாதே?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று பேருமே யோசிக்காமல் "ஆகாது" என்பார்கள். சிக்கல் அங்கேதான்.

எல்லா வெள்ளையும் ஒரே காரணத்தால் மஞ்சளாவதில்லை. ஆயில் பெயின்ட் இருட்டில் மஞ்சளாகும். மலிவான பி.யு. வெளிச்சத்தில் மஞ்சளாகும். நல்ல வாட்டர் பேஸ்டு எனாமல் தானாக மஞ்சளாவது மிகக் குறைவு, ஆனால் அடியில் இருக்கும் மரத்தின் சாயம் அதில் ஊறி மேலே வந்துவிடும். ஆகவே கதவு எந்த இடத்தில் நிற்கிறது, அதன் மேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் டின் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

## இப்போது இருப்பது எந்த மஞ்சள்?

புது வீடு கட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பழைய கதவுக்கு மறுபடி அடிக்கப் போகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் ஒரு துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கதவின் ஒரு மூலையை அழுத்தித் துடையுங்கள். சமையலறைக் கதவில் தாளிப்பு ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து மஞ்சளாகத் தெரியும். பூஜை அறைக் கதவின் மேல்பாதியில் விளக்குப் புகையும் ஊதுபத்திப் புகையும் அதே வேலையைச் செய்யும். துடைத்த இடம் வெளுத்தால் அது அழுக்கு. பெயின்ட் மேல் பழி போட வேண்டாம்.

துடைத்தும் போகவில்லை என்றால், அந்தக் கதவில் காலண்டரோ சாமி படமோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழற்றுங்கள். படத்துக்குப் பின்னால் இருந்த இடம் சுற்றியுள்ள இடத்தைவிட அதிக மஞ்சளாக இருந்தால், அது ஆயில் பெயின்ட் இருட்டில் மஞ்சளான கதை. பின்னால் இருந்த இடம் வெள்ளையாகவும் வெளியே தெரிந்த இடம் மஞ்சளாகவும் இருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. கதவில் ஒன்றும் மாட்டாத வீட்டில் வார்ட்ரோப் கதவைத் திறந்து, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை, திட்டுத்திட்டாக வருவது. கணு இருக்கும் இடத்தில், மூட்டு சேரும் இடத்தில், ஆணி அடித்த இடத்தில் பழுப்பும் மஞ்சளுமாகப் பொட்டு வைத்தது போல் தெரியும். அது மரத்திலிருந்து வருகிற சாயம் அல்லது ஆணித்துரு. அதன் மேல் எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் திரும்ப வரும்.

## எதை வைத்து எடை போடுவது?

டின் விலை கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. இருட்டில் எப்படி நிற்கும், வெளிச்சத்தில் எப்படி நிற்கும்? பளபளப்பும் உறுதியும் எவ்வளவு? வாசனையும் புகையும் வீட்டில் இருப்பவர்களை எவ்வளவு படுத்தும்? உங்கள் ஊர்ப் பெயின்டருக்கு அதை அடிக்கத் தெரியுமா? இப்போது இருக்கும் பழைய பெயின்ட் மேல் ஒட்டுமா? அப்புறம், ஒரு வருஷம் கழித்து ஒரு இடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பின்னால் அதிகம் செலவு வைப்பது அதுதான்.

கூலியையும் மறக்க வேண்டாம். ஏழடிக்கு மூன்றடிக் கதவுக்கு, நிலையோடு சேர்த்து இரண்டு பக்கமும் இரண்டு கோட் அடிக்க ஒரு லிட்டர் எனாமல் ஏறத்தாழச் சரியாக இருக்கும். அந்த ஒரு லிட்டரின் விலையைவிட உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, இரண்டு கோட் முடிக்கிற ஆள்கூலி அதிகம். எனவே டின்னில் நூறு இருநூறு மிச்சம் பிடித்து, இரண்டு வருஷத்தில் மறுபடி ஆள் கூப்பிடுவது லாபமில்லை.

## ஆயில் பெயின்ட், அதாவது சிந்தெடிக் எனாமல்

நம் வீடுகளில் காலங்காலமாகக் கதவுக்கு அடிப்பது இதைத்தான். ஏஷியன் பெயின்ட்ஸின் அப்கோலைட் கிளாஸ், பெர்ஜரின் லக்ஸால் ஹை கிளாஸ் எல்லாம் இந்த வகை. எந்தப் பெயின்டர் கையிலும் படியும். பிரஷ் தடம் தானாகவே இழைந்து மறைந்துவிடும். காய்ந்த பின் கிடைக்கும் அந்த ஈரமான பளபளப்பை வாட்டர் பேஸ்டு இன்னும் முழுசாக எட்டவில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மஞ்சளாவது ஏன் என்றால், இதன் அடிப்படை அல்கைடு என்னும் பிசின். அதற்குள் தாவர எண்ணெய் சேர்ந்திருக்கிறது. தின்னர் ஆவியானதும் பெயின்ட் காய்ந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அதற்குப் பிறகுதான் அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக ஆரம்பிக்கிறது. இறுகி முடிந்த பிறகும் அந்த வேதிவினை முழுசாக நிற்பதில்லை. வருஷக்கணக்கில் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். அதில் உண்டாகும் துணைப்பொருள்கள் சில மஞ்சள் நிறம் கொண்டவை. லினோலெனிக் அமிலம் அதிகமுள்ள ஆளிவிதை எண்ணெய் போட்ட அல்கைடு மிக வேகமாக மஞ்சளாகும். சோயா எண்ணெய் போட்டது அதைவிடக் குறைவு, சூரியகாந்தி எண்ணெய் போட்டது இன்னும் குறைவு. எந்த எண்ணெய் என்று டின்னில் எழுத மாட்டார்கள்.

வெயிலும் பகல் வெளிச்சமும் அந்த மஞ்சளைக் கலைத்துவிடும். அதனால்தான் ஹாலில் ஜன்னலோரம் இருக்கும் கதவு வருஷக்கணக்கில் வெள்ளையாக நிற்கிறது. அதே டின்னில் அடித்த லாஃப்ட் கதவும், கப்போர்டு உள்பக்கமும், எப்போதும் திறந்தே கிடந்து சுவரைப் பார்த்து நிற்கும் படுக்கையறைக் கதவின் முதுகும் தந்த நிறத்துக்குப் போய்விடுகின்றன. எண்ணெய் ஓவியர்களுக்கு இது பழைய சங்கதி. ஃபிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ் 1638-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இருந்த சக ஓவியர் சுஸ்டெர்மன்ஸுக்கு ஒரு ஓவியத்தை அனுப்பும்போது, பெட்டிக்குள் அடைபட்டு வெள்ளை மஞ்சளாகியிருந்தால் வெயிலில் வைத்து எடுங்கள் என்று கடிதம் எழுதினார். கழற்றக்கூடிய கப்போர்டு கதவு என்றால் நீங்களும் செய்து பார்க்கலாம். சில நாள் மொட்டை மாடி வெளிச்சத்தில் வைத்தால் ஓரளவு வெளுக்கும். திரும்ப இருட்டில் மாட்டினால் திரும்ப மஞ்சளாகும், அது வேறு.

இருட்டைப் போலவே இன்னொரு எதிரி அம்மோனியா. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன்கள் பலவற்றில் கொஞ்சம் அம்மோனியா இருக்கும். கதவுக்குப் புதிதாக ஆயில் பெயின்ட் அடித்துவிட்டு, அதே அறையில் ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு சுவருக்கு எமல்ஷன் அடித்தால், சில நாளிலேயே கதவு மங்கி மஞ்சள் தட்டுவதைப் பார்க்கலாம். சுவரை முதலில் முடித்து, நன்றாகக் காற்றாட விட்டு, கடைசியில் கதவுக்கு வரும் பழைய மேஸ்திரிகளின் வழக்கம் இந்த வகையிலும் நல்லது. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும்போது சட்டத்தில் வழிய விடாதீர்கள். அடுப்புச் சூடும் மஞ்சளாவதை வேகப்படுத்தும்.

இது நம் ஊர்த் தரக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் பெயின்ட்டில் ஆவியாகும் கரைப்பான்களின் அளவுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்தது. மரவேலைக்கான ஆயில் பெயின்ட்டுக்கு லிட்டருக்கு 300 கிராம். கம்பெனிகள் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகு பிரிட்டனில் வெள்ளை ஆயில் பெயின்ட் அடித்தவர்கள், முன்பு மஞ்சளாக வருஷக்கணக்கில் ஆனது, இப்போது மாதக்கணக்கிலேயே மஞ்சளாகிறது என்று புலம்ப ஆரம்பித்தார்கள். அங்கே பலர் வாட்டர் பேஸ்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைந்திருக்கும் செலவுகள்: தின்னர், பிரஷ் கழுவ இன்னொரு தின்னர், கதவு முழுசாகக் காய இரவு முழுக்கத் திறந்தே வைக்க வேண்டிய அவஸ்தை, வாசனைக்குப் பயந்து குழந்தைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது. எல்லாவற்றையும்விடப் பெரியது ஒட்டு வேலை. ஒரு வருஷம் கழித்து, கீறல் விழுந்த இடத்தில் மிச்சம் வைத்த அதே டின்னிலிருந்து தொட்டு வைத்தால், சுற்றிலும் மஞ்சள், நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைத் தேமல். கடைசியில் கதவு முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். சில பெயின்டர்கள் தின்னருக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அதை மட்டும் விடாதீர்கள். காய்வது தாமதமாகும், பளபளப்பும் போகும்.

இது சரியான தேர்வாக இருப்பது எப்போது? நல்ல பகல் வெளிச்சம் விழும் கதவு, ஜன்னல். அடிக்கடி கை படுகிற, இடி வாங்குகிற இடம். வாட்டர் பேஸ்டு அடித்துப் பழக்கமில்லாத பெயின்டர்தான் கிடைக்கிறார் என்ற நிலைமை.

## வாட்டர் பேஸ்டு எனாமல்

பிசின் முழுக்க அக்ரிலிக் என்றால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து மஞ்சளாகும் கதையே இதில் கிடையாது. இருட்டு அறையிலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். "மஞ்சளாகக் கூடாது" என்பது மட்டும்தான் உங்கள் நிபந்தனை என்றால் இங்கேயே தேர்வு முடிந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்துத் தொட்டு வைத்தாலும் நிறம் சேரும். வாசனை குறைவு. தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். நல்ல வெயில் நாளில் காலை ஒரு கோட், பிற்பகல் ஒரு கோட் அடித்து முடித்துவிடலாம்.

ஆனால் "வாட்டர் பேஸ்டு" என்று எழுதியிருப்பதெல்லாம் அக்ரிலிக் அல்ல. அல்கைடைத் தண்ணீரில் கலக்கிச் செய்த ஹைபிரிட் வகைகளும் உண்டு. பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம், பளபளப்பும் நன்றாக வரும், ஆனால் உள்ளே இருப்பது அதே எண்ணெய்தான். பழைய ஆயில் பெயின்ட் அளவுக்கு இல்லாவிட்டாலும் இதுவும் இருட்டில் மஞ்சளாகும். டின்னிலோ கம்பெனியின் தொழில்நுட்பத் தாளிலோ "அக்ரிலிக்" என்று இருக்கிறதா, "அல்கைடு எமல்ஷன்" அல்லது "ஹைபிரிட்" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இனி குறைகள். முதலாவது, அடிக்கும் கை. ஆயில் பெயின்ட் போல இழுத்து இழுத்து அடித்தால் இது பிரஷ் தடம் காட்டிவிடும். வேகமாகக் காய்வதால், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் போனால் உரிந்து திரளும். மே மாத வெயிலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு அடித்தால் கேட்கவே வேண்டாம். ஃபேனை நிறுத்தி, நைலான் பிரஷ்ஷோ சின்ன ரோலரோ வைத்து, ஒரு பலகையை முடித்துவிட்டு அடுத்த பலகைக்குப் போக வேண்டும். பன்றி முடிப் பிரஷ் தண்ணீரை உறிஞ்சித் துவண்டுவிடும். வெறும் மரத்தில் பட்டால் மர நார் எழும்பி நிற்கும். முதல் கோட்டுக்குப் பிறகு உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, பழைய ஆயில் பெயின்ட்டின் வழுவழுப்பான முகத்தில் இது ஒட்டாது. தேய்க்காமல் அடித்தால், தாழ்ப்பாள் உரசும் இடத்திலிருந்து பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வரும். சோப்புத் தண்ணீரில் பிசுக்கு எடுத்து, பளபளப்பு முழுக்கப் போகும்வரை உப்புத்தாள் போட்டு, ஒட்டும் தன்மையுள்ள பிரைமர் ஒரு கோட் அடித்து, அப்புறம்தான் இதற்கு வர வேண்டும். அந்தக் கூடுதல் கூலிதான் இதில் மறைந்திருக்கும் செலவு. சந்தேகம் இருந்தால் கதவின் ஒரு மூலையில் மட்டும் அடித்து, சில நாள் விட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு வந்தால் தயாரிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

பழைய பெயின்ட் எது என்றே தெரியவில்லையா? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பஞ்சில் வெள்ளை ஏறிப் பிசுபிசுத்தால் பெரும்பாலும் அது வாட்டர் பேஸ்டு. ஒன்றும் ஆகாமல் நின்றால் பெரும்பாலும் ஆயில்.

மூன்றாவது, காய்வது வேறு, இறுகுவது வேறு. முழுசாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் கதவை இறுக்கிச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்ந்து வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. சாத்தியே ஆக வேண்டிய கதவு என்றால் படும் விளிம்பில் கொஞ்சம் டால்கம் பவுடர் தடவிவிடுங்கள்.

நான்காவது, ஆணித்தலை. இரும்பு ஆணித் தலையில் வாட்டர் பேஸ்டு நேரே பட்டால் அடித்த கொஞ்ச நேரத்திலேயே துருப்பொட்டு எழும். ஆணித்தலைக்கு மட்டும் முதலில் மெட்டல் பிரைமர் தொட்டு வைத்தால் போதும்.

## பி.யு.

பாலியூரிதேன், சுருக்கமாகப் பி.யு. பெயின்ட் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா. அடிப்பதற்கு முன் கலந்து, சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஸ்ப்ரே செய்தால் பிரஷ் தடமே இருக்காது. மூன்றிலும் உறுதியானது இதுதான். கறை ஏறாது, நகக்கீறல் படாது. வார்ட்ரோப் கதவுகளுக்கும் சமையலறை ஷட்டர்களுக்கும் இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

மஞ்சள் விஷயத்தில் மட்டும் இதற்கு இரண்டு முகம். ஹார்டனரில் அரோமாட்டிக், அலிஃபாட்டிக் என்று இரண்டு வகை. அரோமாட்டிக் விலை குறைவு. ஆனால் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், ஆயில் பெயின்ட்டுக்கு நேர் எதிராக. அலிஃபாட்டிக் வெளிச்சத்திலும் இருட்டிலும் நிற்கும், விலை அதிகம். "வீட்டுக்குள்ள தானே சார், இன்டீரியர் பி.யு. போதும்" என்று சொல்லி அரோமாட்டிக்கைத் தலையில் கட்டுவது நடக்கும். பால்கனிக் கதவிலிருந்து நேரே வெயில் விழும் படுக்கையறையில் அது ஒரு கோடையிலேயே தெரிந்துவிடும். கொட்டேஷனில் "பி.யு. ஒயிட்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹார்டனர் அலிஃபாட்டிக் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வெள்ளை அடித்து முடித்து, பளபளப்புக்காக அதன் மேல் நிறமில்லாத ஒரு கிளியர் கோட் அடிப்பார்கள். அடியில் எவ்வளவு நல்ல வெள்ளை இருந்தாலும், மேலே அடித்த கிளியர் அரோமாட்டிக்காகவோ, மெலமைன் என்னும் மரப்பூச்சாகவோ இருந்தால் மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் அதைப் பார்ப்பீர்கள். கிளியரைப் பற்றியும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. ஒரு முறை ஒவ்வாமை வந்தால் பிறகு மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே செய்யும் ஆளை வேலைக்கு வைக்காதீர்கள். அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. குடியிருக்கும் வீட்டுக்குள் ஸ்ப்ரே செய்வதைவிட, கதவைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பி அடித்து வாங்குவது நல்லது. இதில் மறைந்திருக்கும் செலவுகள் என்றால் கழற்ற மாட்டக் கூலி, வண்டி வாடகை, தூசியில்லாத இடம். மழைக்காலத்தில் ஹார்டனர் காற்று ஈரத்தோடு சேர்ந்து குமிழி விடும். பின்னால் பெயர்ந்தால் வீட்டில் பிரஷ்ஷால் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது. பட்டறைக்காரரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

## டியூகோ

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டியூகோ என்பது டூபான்ட் கம்பெனி தன் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் பூச்சுக்கு வைத்த பெயர். இப்போது ஸ்ப்ரே செய்த எதையும் டியூகோ என்கிறார்கள், பி.யு.வையும் சேர்த்து. உண்மையான நைட்ரோசெல்லுலோஸ் என்றால் சீக்கிரம் காயும், விலை குறைவு, ஆனால் வெளிச்சத்திலும் வயதிலும் மஞ்சளாகும். மழை நாளில் அடித்தால் வெளிறிப் பனிபூத்தது போலாகும். நீடித்து நிற்க வேண்டிய வெள்ளைக்கு வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | ஆயில் எனாமல் | அக்ரிலிக் வாட்டர் பேஸ்டு | பி.யு. (அலிஃபாட்டிக்) |
|---|---|---|---|
| இருட்டில் | மஞ்சளாகும் | நிற்கும் | நிற்கும் |
| வெளிச்சத்தில் | நன்றாக நிற்கும் | நிற்கும் | நிற்கும்; அரோமாட்டிக் நிற்காது |
| பளபளப்பு | அதிகம் | ஒரு படி குறைவு | மிக அதிகம் |
| வாசனை | கடுமை | குறைவு | கடுமை. முகமூடி கட்டாயம் |
| யார் அடிக்கலாம் | எந்தப் பெயின்டரும் | பழகிய கை வேண்டும் | ஸ்ப்ரே தெரிந்தவர் மட்டும் |
| பிறகு தொட்டு வைத்தால் | திட்டாகத் தெரியும் | சேர்ந்துவிடும் | வீட்டில் முடியாது |
| மொத்தச் செலவு | முதலில் குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |

## மரம் என்ன மரம்?

வெள்ளையின் தலைவிதியைப் பாதி முடிவு செய்வது பிரைமர். தேக்கு, வேங்கை, படாக் போன்ற மரங்களில் சாயமும் எண்ணெயும் உண்டு. பலா மரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதன் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து மஞ்சள் சாயமே காய்ச்சி எடுப்பார்கள். இந்த மரங்களின் மேல் வாட்டர் பேஸ்டு பிரைமரை நேராக அடித்தால், தண்ணீர் சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவரும். அப்புறம் "மஞ்சளாகாத பெயின்ட்" மஞ்சளாகிவிட்டது என்று கம்பெனிக்குப் புகார் எழுதுவோம்.

வழி சுலபம். வெறும் மரத்துக்குத் தின்னர் கலக்கும் ஆயில் வுட் பிரைமர் அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்து உப்புத்தாள் போட்ட பிறகு, மேலே வாட்டர் பேஸ்டு எனாமல் அடிக்கலாம். பிரைமர் அடியில் மறைந்துவிடுவதால் அது மஞ்சளாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கணுவுக்கும் பிடிவாதமான திட்டுகளுக்கும் மெழுகு நீக்கிய அரக்குப் பாலிஷ் இரண்டு கை தொட்டு வைத்தால் சாயம் மேலே வராது. ஏற்கெனவே வார்னிஷ் அடித்த பழைய தேக்குக் கதவை வெள்ளையாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். அப்படியே விடுங்கள், அழகாக இருக்கிறது.

பழைய வீட்டில் தேய்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு என்றால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தாங்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

## எந்தக் கதவுக்கு எது?

ஹாலில் நல்ல வெளிச்சத்தில் நிற்கும் ஜன்னல், கதவு: ஏற்கெனவே ஆயில் பெயின்ட் இருந்து, உரியாமல் நன்றாக இருந்தால், லேசாகத் தேய்த்து அதே ஆயிலை அடித்துவிடுங்கள். இங்கே வாட்டர் பேஸ்டுக்கு மாறுவதில் பெரிய லாபமில்லை.

உள் படுக்கையறை, ஸ்டோர், லாஃப்ட், கப்போர்டு உள்பக்கம், ஜன்னல் இல்லாத நடை: அக்ரிலிக் வாட்டர் பேஸ்டு, யோசனையே வேண்டாம். கைக்குழந்தையோ இழுப்பு உள்ளவர்களோ இருக்கும் வீட்டிலும் இதுவே.

சமையலறைக் கதவு, ஷட்டர்: பணம் இருந்தால் அலிஃபாட்டிக் பி.யு. இல்லாவிட்டால் வாட்டர் பேஸ்டு அடித்து, வாரம் ஒரு முறை துடைத்து வாருங்கள். ஆயில் மட்டும் இங்கே வேண்டாம். சூடும் பிசுக்கும் சேர்ந்து அதைச் சீக்கிரம் முடித்துவிடும்.

பூஜை அறைக் கதவும் வாசல் நிலையும் தனிக் கதை. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் குங்குமம் வைக்கிற இடத்தில் எந்தப் பெயின்ட்டாலும் வெள்ளையைக் காப்பாற்ற முடியாது. சோப்புப் போட்டுத் துடைத்தால் மஞ்சள் சிவக்கும். அந்தக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் காவியோ பழுப்போ அடித்துவிடுவது புத்திசாலித்தனம். வெயில் படும் வாசல் என்றால் மஞ்சள் கறை தானாக வெளிறும்.

ஒரே வீட்டில் இரண்டு வகை அடித்தால் வெள்ளை வித்தியாசம் தெரியுமே என்று கேட்பீர்கள். ஒரே அறைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான். கதவு ஆயில், பக்கத்திலேயே வார்ட்ரோப் பி.யு. என்றால் இரண்டு வருஷத்தில் கதவு மட்டும் வயதானது போல் தெரியும்.

இத்தனையும் வேண்டாம், ஆயில்தான் அடிப்பேன் என்றால் ஒரு சுலபமான தப்பிக்கும் வழி இருக்கிறது. "பிரில்லியன்ட் ஒயிட்" வாங்காதீர்கள். கண்ணைப் பறிக்க அதில் நீலச்சாயல் கொஞ்சம் கலந்திருக்கும். மஞ்சள் தட்டினால் அதில்தான் உடனே தெரியும். ஆஃப் ஒயிட்டோ ஐவரியோ எடுத்தால் மஞ்சளாகிற இரண்டு மூன்று வருஷம் கண்ணுக்குப் படாமலே போய்விடும். சுவரும் அதே சாயலில் இருந்தால் இன்னும் நல்லது. பளீர் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் எந்தக் கதவும் மஞ்சளாகத்தான் தெரியும்.

எதை வாங்கினாலும் டின் மூடியில் வாங்கிய தேதியையும் எந்த அறைக்கு அடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். எல்லாக் கதவுக்கும் தேவையானதை ஒரே தொகுதி எண் உள்ள டின்களாகக் கேட்டு வாங்குங்கள். வாட்டர் பேஸ்டு மிச்சமிருந்தால் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி இறுக்கி மூடி வையுங்கள், அடுத்த வருஷம் தொட்டு வைக்க உதவும். ஆயில் மிச்சத்தை அதற்காகச் சேர்த்து வைக்காதீர்கள். தேவைப்படும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.